நடுவழியில் தங்கவும்

ஏப்ரல் 4

கால்நடை இரத்தப் பரிசோதனை ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

மேய்ச்சல் மேட்டிலிருந்து உங்கள் மனைவி எழுதுவது. மனைவி என்று எழுதலாமா கூடாதா தெரியவில்லை. பிடிக்காவிட்டால் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். அடிப்பது உங்களுக்குக் கைவந்த வேலைதானே.

துறையிலிருந்து தாள் வந்தது. என் மந்தையில் எடுத்த இரத்தம் மொத்தமும் 'அளவுக்கு மீறிய தடிப்பு, நோய் சந்தேகம்' என்று போட்டு, அடியில் உங்கள் கையெழுத்து. வால் நீட்டிய அந்தக் கிறுக்கலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

என்ன நோய் என்று ஐயா சொன்னால் தேவலை. காலையில் பட்டியைத் திறந்தால் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவுகின்றன. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கிறது. மந்தைக்கு முன்னால் போகிற பெட்டை, நாங்கள் கிழவி என்று கூப்பிடுவோமே, அது இந்த வயதிலும் உப்புக்கட்டிக்காக என்னை முட்டிக் கீழே தள்ளியது. நோய் வந்த ஆடு முட்டுமா?

சான்று இல்லாத மந்தையை ஆகஸ்ட் முடிவதற்குள் கறிக்கு அனுப்பிவிட வேண்டுமாம். அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த ஆடுகள்தான். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா செத்தபோது நீங்கள் வரவில்லை. "அந்த உயரம் எனக்கு ஆகாது, மூச்சு வாங்கும்" என்று ஆள் விட்டுச் சொன்னீர்கள். மாமனாரைத் தூக்கிப் போட ஏற முடியாத மேடு. அதே மேட்டு ஆட்டைக் குறை சொல்ல மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டுகிறது.

மறுபடி பரிசோதனை செய்யுங்கள். கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

மந்தைக்காரி


ஏப்ரல் 13

அன்புள்ளவளுக்கு,

நீ கிழித்துப் போட்டாலும் அப்படித்தான் எழுதுவேன்.

உன் 'ஐயா சொன்னால் தேவலை', 'ஆய்வாளர் ஐயா அவர்கள்' எல்லாம் படித்தேன். வாய் மட்டும் அந்தக் குளிரிலும் உறையவில்லை, சந்தோஷம்.

இரத்தத்தைக் குழாயில் விட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கும். நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்குக்கு மேல் சிவப்பு நிற்கக் கூடாது என்று எங்கள் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. உன் ஆடுகள் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. கிழவி ஐம்பதைத் தொட்டுவிட்டாள். வயசான காலத்தில் இவ்வளவு திமிர் ஆகாது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ.

மறுபடி எடுத்தாலும் அதே எண்தான் வரும். ஆனால் ஒரு வழி இருக்கிறது. மந்தையைக் கீழே இறக்கு. என் குடியிருப்புக்குப் பின்னால் ஆற்றோரம் துறையின் புல்வெளி சும்மா கிடக்கிறது. முழங்கால் உயரப் புல், குளம் குளமாகத் தண்ணீர். உயரம் குறைந்தால் இரத்தம் தானாக இளகும். அளவுக்குள் வந்ததும் எடுத்துப் பார்த்துச் சான்றில் கையெழுத்துப் போடுகிறேன்.

வீட்டில் உன் டம்ளர் அதே மாடத்தில்தான் இருக்கிறது. நான் அதில் குடிப்பதில்லை.

உன் அப்பா விஷயம். இன்னும் எத்தனை கடிதத்தில் அதையே அரைப்பாய்? அரைத்த மாவையே அரைத்துக் கை வலிக்கவில்லையா? உயரம் எனக்கு ஆகாது. ஆகாது என்றால் ஆகாது.

உன் கணவன்தான், வேறு யார்


ஏப்ரல் 21

ஐயா,

உயரம் குறைந்தால் இளகும் என்றால் உயரத்தால்தான் தடித்தது என்று அர்த்தம். பிறகு நோய் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்க எனக்குப் படிப்பு வேண்டாம். ஆனால் பதில் சொல்லும் பேனா உங்களிடம் இருக்கிறது, அதனால் இறங்குகிறேன்.

ஆடுகளுக்காக இறங்குகிறேன். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முன்னறையில் படுப்பேன். என் சோற்றை நானே ஆக்கிக்கொள்வேன். உங்கள் சட்டைக்குப் பொத்தான் தைக்க மாட்டேன்.

ஒரு மாதம் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நான் எழுதுகிறேன்: ஒரு மாதம்.

மந்தைக்காரி


ஆகஸ்ட் 3

அன்புள்ளவளுக்கு,

காலையில் நீ அறைந்து சாத்திய கதவு இன்னும் சரியாக மூடவில்லை. தட்டும் வளைந்துவிட்டது. நீ வீசியது என் தலையில் பட்டிருந்தால் தலை வளைந்திருக்கும்.

மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். முன்னறையில் படுப்பேன் என்று வந்தவள் மழை ஒழுகுகிறது என்று இரண்டாவது வாரமே உள்ளே வந்தாய். பொத்தானும் தைத்தாய். நீ தங்கிவிடுவாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் "இன்னும் அளவுக்கு வரல, இன்னும் கொஞ்ச நாள்" என்று இழுத்தேன். நேற்று சாப்பிடும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீ மூட்டை கட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் வந்துவிட்டது:

"மேட்டு ஆடுன்னா ரத்தம் கெட்டியாத்தான் இருக்கும். மேல காத்து லேசு, அதுக்கு அந்த ரத்தம் வேணும். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நோய்னு எழுதினேன். இல்லன்னா நீ இறங்கி வந்திருப்பியா?"

அதற்குத்தான் தட்டு.

காலையில் ஆய்வகத்தில் என் ஆட்கள் முன்னால் வந்து நின்று, "போடு கையெழுத்த" என்றாய். புருஷனை வாடா போடா என்று சொல்லாததுதான் மிச்சம். முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "எங்கப்பா மாதிரி நடுவழி ஊர்ல தங்க வச்சு ஏத்தணுமா?" என்று கேட்டாய். "எண்ணு கச்சிதமா இருக்கு, நேரா ஏறு" என்றேன். கோபத்தில் சொன்னது அது.

இப்போது கோபம் இறங்கிவிட்டது. உண்மையை எழுதுகிறேன்.

முப்பத்தைந்து, இரண்டு வாரம் முன்னால் எடுத்தபோது சரியான எண்தான். ஆனால் அது நிற்கிற எண் இல்லை, இறங்கிக்கொண்டிருக்கிற எண். போன வாரம் புழுக்கையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். புழு முட்டை அப்பிக்கிடக்கிறது. ஈரப் புல்லில் இருந்து வயிற்றுக்குள் போய், ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற புழு. கீழே இருக்கும் ஆடுகளுக்கு அது பழகிய சனியன். உன் ஆடுகள் அதைக் கண்டதே இல்லை. ஐம்பதிலிருந்து இருபதுக்கு இறங்கும் வழியில் எல்லா எண்ணும் ஒரு நாள் சரியான எண்ணாக இருக்கும், அந்த நாளின் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இளைத்த இரத்தத்தோடு மேட்டில் ஏறினால் நெஞ்சு தாங்காது. ஆகவே நடுவழியில் தங்கவும். புழு மருந்து கொடுக்கவும். இமை சிவக்கிற வரைக்கும் ஏற்ற வேண்டாம்.

லாரி இன்னும் வரவில்லை போல. ஷெட்டில் உன் ஆடுகள் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். இதை மேட்டு விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன். எச்சரிக்கவில்லை என்று நாளைக்கு நீ சொல்லிவிடக் கூடாது.

உன் கணவன்


ஆகஸ்ட் 17

டேய்,

வாடா போடா சொல்லாததுதான் மிச்சம் என்று எழுதியிருந்தாயே. அந்த மிச்சத்தையும் வைத்துக்கொள்.

உன் கடிதம் எனக்கு முன்னால் மேலே வந்து கதவிடுக்கில் காத்திருந்தது. நான் வரும்போது என் கையில் கிழவியின் கயிறு மட்டும்தான் இருந்தது.

லாரி ஷெட்டில் இரண்டு நாள் கிடந்தேன். உன் ஆய்வகத்திலிருந்து கூப்பிடு தூரம். நீ ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வர வெட்கமாக இருந்தால் உன் ஆளிடம் ஒரு சீட்டு. அதுவும் வேண்டாம், சும்மா வந்து லாரி முன்னால் நின்றிருந்தால்கூட உன்னை அடிக்கிற சாக்கில் நான் நின்றிருப்பேன். நீ அஞ்சல்தலை ஒட்டி, மலைக்கு அனுப்பி, கையைத் துடைத்துக்கொண்டாய்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். முழுசாகப் படி, பாதியில் மூடாதே.

நடுவழி ஊரில் லாரிக்காரர் கேட்டார், "என்னம்மா, உங்கப்பா எப்பவும் இங்க இறக்கித் தங்குவாரே?" நான் உன் தாளைக் காட்டினேன். "சரியான அளவுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு, வண்டிய விடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், விட்டார்.

ரோடு முடிகிற இடத்தில் இறக்கி நடத்தினேன். முதல் வளைவு வரைக்கும் வந்தன. இரண்டாவது வளைவில் கிழவி நின்றுவிட்டாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள். அவள் வாய் திறந்து மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. தாடைக்கு அடியில் பை மாதிரி வீங்கியிருந்தது. இமையை இழுத்தேன். வெள்ளை. உன் தாள் மாதிரி வெள்ளை. முன்னங்காலை மடக்கி முட்டிபோட்டாள். பின்னால் வந்தவை அவள் எழுந்திருப்பாள் என்று நின்றன. அவள் நடக்காமல் அவை நடக்காது, அப்படியே பழக்கம். நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகச் சரிந்தன. குட்டிகள் செத்த தாயிடம் பால் குடிக்கப் பார்த்தன. நாலு நாள் அங்கேயே கிடந்த பிறகுதான் மிச்சத்தை மேலே ஏற்ற முடிந்தது.

கீழே இருந்த மூன்று மாதமும் நான் ஒரு தடவை இமையை இழுத்துப் பார்த்தேனா? இல்லை. "இன்னைக்கு எத்தனை?" என்று உன் வாயைத்தான் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடித்தாயிற்று. இப்போது உன் முறை.

பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சம் இருப்பவை நிற்கின்றன, மேயவில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று எழுது. வேறு ஒரு வார்த்தை எழுதாதே.


ஆகஸ்ட் 26

அன்புள்ளவளுக்கு,

மருந்தை லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எடைக்குத் தக்க அளவு புட்டியிலேயே ஒட்டியிருக்கிறது. பத்து நாளில் இமை நிறம் திரும்பும்.

வேறு ஒரு வார்த்தை எழுதாதே என்றாய். எழுதத்தான் போகிறேன்.

நான் எச்சரித்தேன். கடிதம் உன் கையில் இருக்கிறது. நீ ஆத்திரத்தில் ஓடினால் தபாலா உன் பின்னால் ஓடும்? அதோடு, ஆடுதானே. ஆட்டுக்காக டேய் என்கிறாய். உன் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தால் இந்த ஆட்டுப் பைத்தியம் பிடித்திருக்காது.

எழுதியபின் அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். நீ எனக்கு எழுதியதில் எதை அடித்தாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். எனக்கு மூலம். வருஷக்கணக்காக இரத்தம் போகிறது. நான் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்று திட்டுவாயே, அது மூஞ்சி இல்லை, இரத்தம். பதின்மூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு ஆறு. ஊரில் உள்ள ஆட்டுக்கெல்லாம் எண் போடுகிறவன் தன் எண்ணை எவனிடமும் சொல்லவில்லை. உன் அப்பா இறந்தபோது வராததற்கும் இதுதான் காரணம். போன மாதம் டாக்டர் சொன்னார்: "மேட்டுப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க. போயே ஆகணும்னா நடுவழி ஊர் ஆஸ்பத்திரியில இறங்கி, ரத்தம் ஏத்திக்கிட்டு, பத்து நாள் தங்கி, அப்புறம் போங்க. நேரா ஏறினா நெஞ்சு நின்னுடும்."

இந்த வீட்டில் சத்தமே இல்லை. உன் டம்ளரில் குடிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு வார்த்தை, வா என்று ஒரே ஒரு வார்த்தை எழுது.

உன் கணவன்


செப்டம்பர் 6

என்னங்க,

கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஒற்றைக்காதும் அதன் குட்டியும் மேய ஆரம்பித்துவிட்டன. இமையில் லேசாகச் சிவப்பு தெரிகிறது. உங்கள் கைராசி.

இவ்வளவு உடம்புக்கு முடியாமல் இருந்ததை என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் என்ன அயலாளா? துணி துவைக்கும்போது கறையைப் பார்த்திருக்கிறேன், வாயைத் திறந்து கேட்கத் தோன்றவில்லை. இந்த வாய் வேறு எதற்கெல்லாமோ திறந்தது.

வாருங்கள். வா என்று எழுதச் சொன்னீர்கள், மரியாதையாகவே எழுதுகிறேன். மழையில் போன பாதையைச் சரிசெய்துவிட்டார்கள், ஜீப் இப்போது பட்டி வாசலுக்கே வருகிறது. நீங்கள் ஒரு அடிகூட ஏறி நடக்க வேண்டாம். காலையில் ஏறினால் சாயங்காலம் என் அடுப்புக்கு முன்னால் உட்காரலாம்.

நடுவழியில் தங்க வேண்டாம். அங்கே இருக்கிற விடுதியில் மூட்டைப்பூச்சி, தண்ணீரும் சரியில்லை. அந்த ஆஸ்பத்திரிக்காரர்களை நம்பி ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். நேரே வந்துவிடுங்கள். மேட்டுக் காற்று எல்லாவற்றையும் சரியாக்கிவிடும்.

கம்பளி கொண்டுவர வேண்டாம். அப்பாவுடையது இருக்கிறது.

உங்கள் மனைவி


செப்டம்பர் 13

அன்புள்ளவளுக்கு,

என்னங்க என்று தொடங்கியதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். எத்தனை வருஷம் ஆயிற்று. இரண்டாம் தடவை படிக்கும்போது அழுகை நின்றுவிட்டது.

இருபது வருஷம் இரத்தம் பார்த்தவனடி நான். நேரே வந்துவிடுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாது என்றா நினைத்தாய்? புரியும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். மூட்டைப்பூச்சியாம்.

ஆனாலும் வருகிறேன். இங்கே இருந்து மட்டும் என்ன சாதிக்கப் போகிறேன்? வியாழக்கிழமை, இருபத்துநான்காம் தேதி ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன். நடுவழி ஊரில் கால் மணி நேரம் நிற்கும். இறங்குவதா வேண்டாமா என்பதை உன்னிடம் விடுகிறேன்.

அதற்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வரட்டும். 'நடுவழியில் தங்கவும்' என்று இரண்டே சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம், அன்புகூட வேண்டாம். வந்தால் அங்கே இறங்கி, இரத்தம் ஏற்றிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி தங்கி வருகிறேன். வராவிட்டால் இறங்க மாட்டேன். உன் கடிதம் நாலைந்து நாளில் வந்துவிடும், அவசரம் என்றால் ஜீப் டிரைவரிடம் வாயால் சொன்னாலே போதும்.

வயிற்றைப் பற்றி எழுதியது தப்பு. அன்றைக்கே அடித்திருக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது. ஆட்டுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று யோசித்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது, அது கொடுத்துவைத்தது.

உன் கணவன்


செப்டம்பர் 24, வியாழக்கிழமை

அன்புள்ள என் கணவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒற்றைக்காது கத்தியது, எழுந்து போய்விட்டேன். மறுநாளும் ஏதோ ஒரு வேலை. ஜீப் டிரைவர் நேற்று வந்து பால் வாங்கிக்கொண்டு போனார். "சாரக் கூட்டிட்டு வரேன், ஏதாவது சொல்லணுமா அக்கா?" என்று கேட்டார். "ஜாக்கிரதையா ஓட்டுங்க" என்றேன்.

இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

நடுவழியில் தங்கவும். ஆஸ்பத்திரியில் இறங்கி இரத்தம் ஏற்றிக்கொள்ளவும். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் இருக்கவும். இமை சிவக்கிற வரைக்கும் ஏற வேண்டாம்.

இரண்டு சொல் கேட்டீர்கள், நான் கூடவே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு விலாசம் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி வைத்திருக்கிறேன். எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறேன். அப்பாவின் கம்பளியை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. இரண்டாவது வளைவில் ஜீப் ஏற முடியாமல் உறுமுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி